கிறிஸ்தவ இறையியலாளரான புனித அகஸ்டினின் சிந்தனையில் பிளேட்டோவின் தாக்கம் எந்த அளவுக்கு இருந்தது?

தாக்கம் ஆழமானது, ஆனால் அது பிளேட்டோவின் நூல்களிலிருந்து நேரடியாக வந்ததைவிட, பிளேட்டோவின் சிந்தனையை வளர்த்தெடுத்த 3ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி புளோட்டினஸ் வழியாக வந்ததே அதிகம். உலகை ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போராட்டமாகக் கண்ட மானி சமயத்தை ஏறத்தாழ 9 ஆண்டுகள் பின்பற்றிய அகஸ்டின், கடவுளையும் தீமையையும் இடத்தை நிரப்பும் பொருள்களாகவே எண்ணிப் பழகியிருந்தார். 386ஆம் ஆண்டளவில் மிலான் நகரில், உரோமைச் சொற்கலை ஆசிரியர் மாரியுஸ் விக்டோரினுஸ் இலத்தீனில் பெயர்த்திருந்த, புளோட்டினஸ் முதலிய பிளேட்டோவியரின் நூல்களைப் படித்த பிறகே, உடலற்ற மெய்ம்மை ஒன்று இருக்க முடியும் என்பதும், தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைபாடே என்பதும் அவருக்குப் புலப்பட்டன.

கிரேக்கத் தத்துவத்தை அவர் அப்படியே விழுங்கிவிட்டார் என்று சிலர் எழுதுவது சரியன்று. புளோட்டினஸ் தீமையைப் பருப்பொருளோடு இணைத்தார். படைப்பு அனைத்தும் நல்லது என்ற விவிலியக் கோட்பாட்டைப் பற்றிநின்ற அகஸ்டின் அதை ஏற்கவில்லை. கடவுள் மனிதராகப் பிறந்தார் என்பதை அந்நூல்களில் தாம் காணவில்லை என்றும் தம் ஒப்புதல்கள் நூலின் 7ஆம் பகுதியில் அவரே குறிப்பிடுகிறார்.