நகைக்கடை தந்த சுழல்தட்டு

கேள்வி: குடியாத்தத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுவந்த என் தந்தையார், திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொண்டு சென்ற இசைத்தட்டுக் கருவியில் ‘கேரார்ட் 301’ என்ற பெயர் இருக்கிறது. லண்டனில் இதே பெயரில் அரச குடும்பத்து நகைக்கடை ஒன்று உண்டாமே, இரண்டும் ஒன்றா? கருவியை இப்போது ஓட்டலாமா?
– வாசகர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்

பதில்: இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதாம். விக்டோரியா அரசி 1843இல் அரண்மனை நகைக்கடையாக நியமித்த கேரார்ட், முதல் உலகப் போரின்போது, பீரங்கிப் படைக்கு இலக்கின் தொலைவை அளக்கும் கருவிகளைச் செய்து கொடுப்பதற்காக 1915இல் தனியே ஒரு பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கியது. போர் முடிந்து அந்த வேலை நின்றுபோனதும், நுட்பமாகக் கடைந்து பழகிய கைகள் கிராமபோனுக்கான சுருள்வில் மோட்டாரைச் செய்யத் தொடங்கின. தொழிற்சாலையும் ஸ்விண்டன் நகருக்கு மாறியது.

1954இல் வந்த 301தான் அதன் உச்சம். மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்ட, அச்சக்கரம் கனத்த தட்டின் உள்விளிம்பைப் பற்றிச் சுழற்றுவதால், ஓசை மிகுந்து ஊசி இழுபடும் இடத்திலும் வேகம் தளர்வதில்லை. பி.பி.சி. வானொலியே அதைப் பயன்படுத்தியது. மலிவான கருவிகளை விடுத்து இதை வாங்கிய உங்கள் தந்தையாரின் காது, தொழிலுக்குத் தேவையானதைவிடக் கூர்மையானதாகவே இருந்திருக்க வேண்டும்.

1960இல் பிளெஸ்ஸி என்ற பிரிட்டிஷ் மின்னணு நிறுவனம் இந்தக் கேரார்ட் பொறியியல் நிறுவனத்தை வாங்கியது. 1965இல் 301-க்கு அடுத்த கருவியான 401 வெளிவந்தது. அதன்பின், மோட்டாரின் மீதே தட்டைப் பொருத்திய ஜப்பானியக் கருவிகளோடு போட்டியிட முடியாமல் 1979இல் பிரேசிலின் கிராடியெண்டே நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. புதியதை உருவாக்க வேண்டிய ஆண்டுகளில் பழைய பெயரை நம்பி இருந்துவிட்டார்கள் என்பதே என் கருத்து.

ஓட்டலாம். இந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. பிரிட்டனைப் போலவே இங்கும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேகம் மாறாது. ஆனால் நம் மாவட்டத்து வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் சக்கரம் இறுகியிருந்தால் பாட்டினூடே உறுமல் கேட்கும், அதை மாற்றிவிடுங்கள். தட்டின் அச்சு கிரீஸில் ஓடுவதா எண்ணெயில் ஓடுவதா என்று அறிந்த பிறகே மசகு இடவேண்டும், ஏனெனில் 301இல் இருவகையும் உண்டு.