திருச்சி வீட்டை விற்று, கோவை ஓய்வுக்காலக் குடியிருப்பில் வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 74 வயது. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றேன். அகவிலைப்படி சேர்த்து மாதம் 58,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. மனைவிக்கு 69 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். இப்போதைக்குத் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். மகன் அமெரிக்காவில், மகள் சென்னையில். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சமும், வங்கி வைப்பில் 12 லட்சமும் இருக்கின்றன. திருச்சியில் 1990-களில் மனை வாங்கிக் கட்டிய வீடு, என் பெயரில் இருக்கிறது, இன்று 1.10 கோடி போகும் என்கிறார்கள்.

கோவைக்கு அருகே ஓய்வுக்காலக் குடியிருப்பு ஒன்றில் இரு படுக்கையறை வீடு 68 லட்சத்துக்குப் பார்த்திருக்கிறோம். திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை 5 லட்சம். பராமரிப்புக்கு மாதம் 9,500, இருவர் சாப்பாட்டுக்கு 14,000. இந்த மாதக் கடைசிக்குள் 2 லட்சம் முன்பணம் கட்டினால் விலையில் சலுகை உண்டாம். மகனோ, வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டால் மாதாமாதம் 40,000 அனுப்புவதாகச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

— வாசகர், திருச்சி

பதில்: ஐயா, முதலில் அந்த 2 லட்சத்தைக் கட்டாதீர்கள். உங்கள் வயதில் ஒரு வீட்டை விற்று இன்னொரு வீட்டை வாங்கும் முடிவுக்கு, விற்பனைப் பிரிவு வைக்கும் கெடு ஒரு காரணமே ஆகாது.

கோவைக்குப் போவது நல்ல யோசனைதான். சமையல், மின்சாரப் பழுது, இரவில் ஆம்புலன்ஸ் என்று எல்லாமே ஒருவர் தோளில் இருக்கும்போது, உதவி கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்துக்கு மாறுவதில் பெரிய நிம்மதி உண்டு. என் மறுப்பு அங்கே வீடு வாங்குவதற்கு மட்டும்தான். அதற்கான காரணத்தை உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

இன்றைய செலவைப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் 9,500 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 11,200 ஆகும். சாப்பாடு, மருந்து, பரிசோதனை, மின்கட்டணம், கோயில், பயணம் எல்லாம் சேர்த்தாலும் 43,000 அல்லது 44,000-க்குள் அடங்கிவிடும். உங்களுக்கு ஓய்வூதியம் 58,000. சேமிப்புத் திட்ட வட்டி, இன்றுள்ள 8.2 சதவீதத்தில், மாதக் கணக்கில் 20,500. வங்கி வட்டி ஏறத்தாழ 7,000. ஆக 85,000 வருமானம், 44,000 செலவு. இந்தக் கணக்கைத்தான் அவர்களும் உங்களிடம் போட்டுக் காட்டியிருப்பார்கள். தவறு ஒன்றுமில்லை. ஆனால் இது முதல் கட்டத்தின் கணக்கு மட்டுமே.

பார்க்கின்சன் மெல்ல முன்னேறும் நோய். எப்போது, எவ்வளவு என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் அம்மாவுக்குக் குளிக்க, உடை மாற்ற, நடக்க ஆள் தேவைப்படலாம். முகமை மூலம் இருபத்துநான்கு மணி நேரமும் உடனிருக்கும் பராமரிப்பாளரை வைத்தால், சம்பளமும் அவர் சாப்பாடும் சேர்த்து 30,000 முதல் 35,000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 78,000-ஐத் தொட்டுவிடும். அதற்கடுத்து, அதே வளாகத்திலோ வெளியிலோ செவிலியர் உள்ள பராமரிப்புப் பிரிவுக்கு அவர் மாற நேர்ந்தால், அறைக்கும் கவனிப்புக்கும் மட்டும் 65,000 என்று கொள்வோம். நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பீர்கள்; அந்தச் செலவும் தொடரும். மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

எழுதக் கடினமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டியது நான்காவது கட்டம். நீங்கள் முதலில் போய்விட்டால் அம்மாவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். உங்கள் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் முப்பது சதவீதம். அதாவது இன்றைய 58,000 என்பது 35,000-க்கு இறங்கிவிடும். சரியான தொகை உங்கள் ஓய்வூதியக் கொடுப்பாணையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வட்டியைச் சேர்த்தால் அவர் வருமானம் 62,000. செலவோ பராமரிப்புப் பிரிவுக்கு 65,000, மருந்துக்கு 8,000, யாரும் குடியிராத அந்த வீட்டின் பராமரிப்புக்கு 11,000, மொத்தம் 84,000. மாதம் 22,000 துண்டு விழுகிறது. இதுவும் இன்றைய விலையில்தான். அகவிலைப்படி ஏறும், சேமிப்புத் திட்ட வட்டி ஏறாது. ஆள் கூலியும் மருத்துவச் செலவும் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் ஒன்பதே ஆண்டில் இரட்டிப்பாகிவிடும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஓய்வூதியர் காப்பீடானாலும் தனியார் பாலிசியானாலும், அவை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பணம் தருபவை. தினமும் ஒருவர் கைபிடித்து நடக்கவைப்பதற்கும், ஊட்டிவிடுவதற்கும், இரவில் புரட்டிப் படுக்க வைப்பதற்கும் அவை பணம் தருவதில்லை. அந்தச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது வீடு வாங்கினால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். 1.10 கோடியில் வீட்டு விலை 68 லட்சம். முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 5 முதல் 6 லட்சம். வைப்புத்தொகை 5 லட்சம். வீட்டைச் சீர்செய்து குடிபோக 3 லட்சம். வீட்டை விற்ற லாபத்தில், புது வீட்டுக்குப் போட்டது போக மிச்சத்துக்கு மூலதன ஆதாய வரி அதிகபட்சம் நான்கு லட்சம். கையில் நிற்பது 24 முதல் 28 லட்சம் அளவில். பெரும்பகுதிப் பணம் அந்தச் சுவர்களுக்குள் போய்விடும். அதைத் திரும்ப எடுப்பதும் எளிதல்ல. பல குடியிருப்புகளில் 55 அல்லது 60 வயதைத் தாண்டியவர்கள்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருக்கும். வாங்க வருகிற கூட்டமே சிறியது. அம்மாவின் பராமரிப்புக்குப் பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில், விற்க மிகக் கடினமான சொத்து உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 68 லட்சம் கொடுத்து நீங்கள் தேடுவது பதினைந்து, இருபது ஆண்டு சேவை. விற்பனைப் பத்திரம் தருவதோ கட்டடமும் பிரிக்கப்படாத நில உரிமையும் மட்டும். கட்டடம் தாமதமானாலோ தரம் குறைந்தாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநரே சரிசெய்ய வேண்டும். ஆனால் சமையலறையை நடத்துபவர் விலகிவிட்டாலோ, இரவுச் செவிலியரை நிறுத்திவிட்டாலோ அந்தச் சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுநர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் உள்ள நல்ல யோசனை. அப்படி ஒரு ஒப்பந்தம் உங்களுக்குக் காட்டப்பட்டதா? இல்லையென்றால் கேளுங்கள். அவர்கள் தரும் பதிலே அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

என் யோசனை இது. அதே வளாகத்தில் வாடகைக்குப் போங்கள். முதலீடாக வாங்கிவிட்டு இன்னும் குடிவராத உரிமையாளர்கள் இத்தகைய இடங்களில் எப்போதும் சிலர் இருப்பார்கள். 68 லட்ச ரூபாய் வீட்டுக்கு வாடகை 20,000 அல்லது 22,000-க்கு மேல் போகாது. திருச்சி வீட்டை வாடகைக்கு விட்டால் 18,000 கிடைக்கும். வீட்டுவரிக்கும் பழுதுக்கும் ஆண்டுக்கு ஒரு மாத வாடகையை ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. உங்களுக்குக் கூடுதலாக ஆகப்போவது அதிகபட்சம் மாதம் ஐயாயிரம், ஆறாயிரம். அதற்குப் பதிலாக 1.10 கோடிச் சொத்து முழுதாகக் கையில் நிற்கும். சாப்பாடு பிடிக்கவில்லை, நிர்வாகம் சரியில்லை என்றால் இரண்டு மாத அறிவிப்பில் கிளம்பிவிடலாம்.

திருச்சி வீட்டை எப்போது விற்பது? அம்மாவுக்கு முழுநேர ஆள் தேவைப்படும் நாளில். அதற்குப் பிறகு தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில், நோயோடு இருக்கும் அவர் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றி, ஆள் தேடி விற்பது பெரும் பாடு. பிள்ளைகளுக்குப் பவர், அதாவது தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்தால் போதாதா என்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவருக்கு மனநிலை பாதிக்கப்பட்டால் அந்தப் பவர் செல்லாமல் போகும். மறதி நோயும் சேர்ந்து வரக்கூடிய இந்த நோயில் அதை நம்பியிருக்க முடியாது.

விற்கும்போது வரியைச் சரியாகப் போட வேண்டும். 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்; பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்குங்கள். அது 9 லட்சம் என்று வந்தால் லாபம் ஒரு கோடியைத் தாண்டும். பணவீக்கச் சரிசெய்தல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிசெய்தலோடு 20 சதவீதம் என்று இரண்டு வழி உங்களைப் போன்ற பழைய சொத்துக்காரர்களுக்கு உண்டு. விலக்கைக் கழித்த பிறகு எதில் வரி குறைவு என்று ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் 50 லட்சத்தை, அந்த அளவு லாபத்துக்கு வரிவிலக்கு தரும் மூலதன ஆதாயப் பத்திரங்களில் போட்டால் வரி, மேல்வரி, தீர்வை எல்லாம் சேர்த்து ஆறு, ஏழு லட்சம் அளவில் நிற்கும். பத்திரம் ஐந்து ஆண்டு முடங்கும், வட்டி 5.25 சதவீதம்தான். வரியை இன்னும் மிச்சப்படுத்தலாமே என்று வீடு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. சில லட்ச வரிக்காக 68 லட்சத்தை முடக்குவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. பத்திரங்களும் வரியும் போக மீதி ஏறத்தாழ 53 லட்சத்தில் 30 லட்சத்தை அம்மா பெயரில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம் என்பதால் உங்கள் கணக்கு நிரம்பிவிட்டது. அவர் பெயரில் போட்டாலும் பணம் உங்களுடையது என்பதால் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். எல்லாம் சேர்த்து மாதம் 50,000-க்கு மேல் வட்டி வரும், அசலும் கையில் இருக்கும். நான்காவது கட்டத்தின் துண்டை அடைக்க இது போதும். விலைவாசி ஏற ஏற அசலில் கொஞ்சம் எடுக்கவும் இடம் இருக்கும்.

மகன் சொன்னது பற்றி. அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டில் வேலை போவதும், அவருக்கே உடல்நலம் கெடுவதும் நடக்கக்கூடியவை. வீடு கைமாறிய பிறகு உங்களிடம் விற்க ஒன்றும் இருக்காது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, கவனிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. பெற்ற பிள்ளைமேல் தீர்ப்பாயத்தில் மனுப் போடும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகக்கூடிய ஏற்பாடு எதற்கு? உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். முதல் உரிமை அம்மாவுக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு. மகன் அனுப்ப விரும்பும் பணத்தை அம்மாவின் பராமரிப்புக்கென்று தனி வைப்பில் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அடமானம் வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கும் தலைகீழ் அடமானத் திட்டம் உங்களுக்கு ஒத்துவராது. அதற்கு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும்.

போகும் இடம் கோவைதானா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். அவசரத்துக்கு வரப்போவது சென்னையில் இருக்கும் மகள். வந்தே பாரத்தில் வந்தாலும் ஆறு மணி நேரம். சென்னையைச் சுற்றியும் இத்தகைய குடியிருப்புகள் இருக்கின்றன. விலை கூட இருக்கலாம், வாடகைக்குப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் தாங்கக்கூடியதே. அம்மா இப்போது பார்க்கும் நரம்பியல் மருத்துவர், அடுத்து பார்க்கப்போகும் மருத்துவர் யார் என்பதையும் முடிவு செய்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார் என்பது ஒரு வரியில்கூட இல்லை, ஐயா. இதில் அதிக நாள் வாழப்போவதும், அதிகக் கவனிப்பு தேவைப்படப்போவதும் அவராக இருக்கலாம். அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரமாவது விருந்தினர் அறையில் தங்குங்கள். மாதிரி வீட்டைப் பார்ப்பதைவிட, ஒரு சாதாரண வார நாளில் அங்கிருப்பவர்களோடு உட்கார்ந்து மதியம் சாப்பிடுங்கள். இரவு பத்து மணிக்கு அவசர மணியை அழுத்தினால் யார் வருகிறார், எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று பாருங்கள். குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைகிறதா? பராமரிப்புப் பிரிவில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், கட்டணம் என்ன, கடந்த மூன்று ஆண்டில் எவ்வளவு ஏறியது? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா? வைப்புத்தொகையை எத்தனை நாளில், என்ன பிடித்தம் போகத் திருப்பித் தருவார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக மட்டும் சொல்கிற இடத்தில் வாடகைக்குக்கூடப் போக வேண்டாம்.

திருச்சி வீட்டைக் காலி செய்வதற்கு முன் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. 12 லட்ச வங்கி வைப்பும் ஓய்வூதியம் வரும் கணக்கும் உங்கள் இருவர் பெயரிலும், இருவரில் யாராவது ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர் இயக்கும்படி இருக்கின்றனவா என்று வங்கியில் கேளுங்கள். அஞ்சலகக் கணக்கில் அம்மாவின் பெயர் நியமனதாரராகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்க்கின்சன் நோயில் கையெழுத்து சிறுத்து, மாறிப்போகலாம். வங்கியில் அவருடைய மாதிரிக் கையொப்பத்தைப் புதுப்பித்து, கைரேகை வைக்கவும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு வையுங்கள்.