பசுமை வேதியியல் வெறும் விளம்பரச் சொல்லா? ஆபத்தான பொருட்களை அரசு தடை செய்தால் போதாதா?

நச்சும் கழிவும் உருவாகாதபடி தொடக்கத்திலேயே வேதிவினைகளை வடிவமைப்பதுதான் பசுமை வேதியியல். அது விளம்பரச் சொல்லாகவும் ஓடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. தடை மட்டும் போதாது.

கரிம வேதியியல் ஆய்வகத்தில் டைகுளோரோமீத்தேன் என்ற குளோரின் கரைப்பானோடு வருடக்கணக்கில் புழங்கியிருக்கிறேன். ஒருமுறை நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை மேல் கொஞ்சம் சிந்தியது. முதலில் சில்லென்றிருந்தது, கழற்றச் சோம்பல்பட்டு வேலையைத் தொடர்ந்தேன். சற்று நேரத்தில் விரல் தீயாய் எரிந்தது. கையுறையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கரைப்பான் நைட்ரைலை ஊடுருவியே உள்ளே வந்துவிடும். அமெரிக்கா 2024இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தபோது மகிழ்ந்தேன். கூடவே ஒரு கவலையும் வந்தது: காலியான இடத்தில் எது வந்து உட்காரும்?

கலிஃபோர்னியாவில் இப்படித்தான் நடந்தது. பிரேக் சுத்தம் செய்யும் தெளிப்பான்களில் குளோரின் கரைப்பான்களுக்குக் கெடுபிடி வந்ததும், சில தயாரிப்பாளர்கள் குளோரின் இல்லாத ஹெக்சேன் என்ற கரைப்பானுக்கு மாறினார்கள். சட்டப்படி குற்றமில்லை. 1990களின் இறுதியில் மெக்கானிக்குகள் சிலருக்குக் கை கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. உடலுக்குள் ஹெக்சேன் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற சேர்மமாக மாறி நரம்பிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. தெளிப்பானில் ஹெக்சேனோடு கலந்திருந்த அசிட்டோன் என்ற இன்னொரு கரைப்பான் அந்த நச்சைக் கூட்டக்கூடியது.

பட்டியலில் ஒரு பெயரை அடித்தால் பக்கத்துப் பெயருக்குத் தாவுவார்கள். அந்தப் பக்கத்துப் பெயரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், அப்போது புழக்கத்திலிருந்த சுமார் 62,000 பொருட்களைச் சோதனை கேட்காமலேயே உள்ளே விட்டது. அதே சட்டத்தின் கீழ் 1989இல் புற்றுநோய் தரும் கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) விதித்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் ரத்து செய்தது. கல்நாருக்கே இந்த நிலை! 2007இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரீச்' சட்டம் சுமையைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது: தரவு இல்லையேல் சந்தை இல்லை. மெதுவாக நகரும் சட்டம்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

பசுமை வேதியியல் இன்னும் முன்னதாக, வினையை வடிவமைக்கும் மேசையிலேயே தொடங்குகிறது. வேதியியலாளர்கள் பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் 1998இல் வகுத்த 12 கொள்கைகளின் சாரம் அதுதான். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் பாருங்கள். பழைய தயாரிப்பு முறையில் ஆறு படிகள். போட்ட அணுக்களில் 40% மட்டுமே மருந்தாயின. 1990களில் வந்த முறையில் மூன்றே படிகள், 77%. (அதிலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற பயங்கரம் உண்டு, ஆனால் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.)

எங்கள் ஆய்வகத்தில் ஹெக்சேனை விட்டு ஹெப்டேனுக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு கார்பன்தான் கூடுதல், நரம்புக்கு அந்தக் கேடு இல்லை. கொதிநிலை 69 டிகிரியிலிருந்து 98க்குப் போய்விட்டதால் ஆவியாக்க அதிக நேரம் பிடிக்கிறது. மாணவர்கள் தினமும் முணுமுணுக்கிறார்கள்.