அமெரிக்க அணிகளும் கனடா அணிகளும் மோதிய அந்த ஏழு ஆட்டங்கள்: கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பாலில், என்.எஃப்.எல். (அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்) அணிகள் கனடா அணிகளோடு நிஜமாகவே ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள், எல்லாமே கனடா மண்ணில். 1950-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒட்டாவாவுக்குப் போய் ரஃப் ரைடர்ஸை 27-6 என்று வீழ்த்தியது, அடுத்த ஆண்டு மறுபடியும் போய் 41-18. அப்போது சி.எஃப்.எல். என்ற கனடா லீக்கே பிறக்கவில்லை, அது 1958-இல்தான் வந்தது. 1959-இல் சிகாகோ கார்டினல்ஸ் டொராண்டோவில் ஆர்கோனாட்ஸை 55-26 என்று அடித்தது. 1960-இல் ஓர் ஆட்டம், 1961-இல் மூன்று, அதோடு சரி.

எந்த விதிப்படி ஆடினார்கள்? இரண்டும் வேற வேற ஆட்டம் ஆச்சே சார்?

நல்ல கேள்வி, இதைப் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. கனடாவில் மைதானம் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம், பக்கத்துக்கு 12 பேர், பத்து கெஜம் முன்னேற மூன்றே டவுன் (டவுன் என்றால் பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சி). அமெரிக்காவில் 100 கெஜம், 11 பேர், நான்கு டவுன். ஒட்டாவா ஆட்டங்களில் ஒரு பாதியைக் கனடா விதியிலும் மறுபாதியை அமெரிக்க விதியிலும் ஆடினார்கள். 1950-இல் கனடாவில் டச் டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பதற்கு) ஐந்து புள்ளிதான், ஆறானது 1956-இல். அதைவிடப் பெரிய விஷயம் பிளாக்கிங். பந்தோடு ஓடுபவனுக்கு முன்னால் போய் எதிரிகளைத் தடுத்து வழியமைக்க அமெரிக்காவில் மைதானம் முழுக்க அனுமதி உண்டு, கனடாவிலோ அந்தக் காலத்தில் அதற்குக் கடும் வரம்பு. அதனால் அமெரிக்க விதிக்கு மாறியதும், வாழ்நாள் முழுக்கப் பழகாத ஒரு வேலையை கனடா வீரர்கள் அங்கேயே செய்ய வேண்டியிருந்தது.

அப்போ தோற்றதுக்கு விதிதான் காரணமா?

விதி மட்டும் இல்லை. 1960 ஆர்கோனாட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஆண்டு கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) டோபின் ரோட், 1957-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு என்.எஃப்.எல். பட்டம் வாங்கிக்கொடுத்தவர். அப்படியும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் 43-16 என்று தோற்றார்கள். (ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக் பாபி லேன்! 1957-இல் அவருக்குக் கால் முறிந்ததால்தான் ரோட் லயன்ஸை நடத்தி முடித்தார்.) கனடா அணிகளில் அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. முதல் வரிசையில் நட்சத்திரங்கள் இருந்தாலும், மாற்றி இறக்க அதே தரத்தில் ஆள் போதவில்லை. என் பார்வையில் வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

ஒரு தடவைகூட கனடா ஜெயிக்கலையா அண்ணா?

ஒரே ஒரு தடவை, தம்பி. 1961 ஆகஸ்ட் 8, ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் 38, பஃபலோ பில்ஸ் 21. எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்த ஆட்டம். பெர்னி ஃபலோனி, ஹால் பாட்டர்சன், ஜான் பாரோ எல்லாம் அந்த அணியில் இருந்த காலம். அதே ஆண்டு கிரே கோப்பை (கனடாவின் சாம்பியன் பட்டம்) இறுதிவரை போய், கூடுதல் நேரத்தில் வின்னிபெக்கிடம் 21-14 என்று தோற்றார்கள்.

பில்ஸ் அப்போ என்.எஃப்.எல்.லே இல்லையே, இதெல்லாம் ஒரு வெற்றியா?

உண்மைதான், பில்ஸ் அப்போது என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக வந்த புதிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில், அதுவும் இரண்டாவது ஆண்டில் இருந்தது, அந்த சீசனை ஆறு வெற்றி, எட்டு தோல்வி என்று முடித்தது. அதனால் என்.எஃப்.எல்.லையே வென்றதாகச் சொல்வது தவறு. ஆனால் வெற்றியே இல்லை என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். எதிரே நின்றதும் சம்பளம் வாங்கும் தொழில்முறை அணிதான். முன்பு ஹாமில்டனில் ஆடிய குக்கி கில்கிறிஸ்ட், ஆர்கோனாட்ஸிலிருந்து 1962-இல் பில்ஸுக்குப் போன முதல் சீசனிலேயே 1,096 கெஜம் ஓடினார். ஏ.எஃப்.எல்.லில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய முதல் ஆள் அவர். கனடாவில் ஆடியவர்களின் தரத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1961-இன் மற்ற இரண்டு?

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 36, ஆர்கோனாட்ஸ் 7. சிகாகோ பேர்ஸ் 34, மான்ட்ரியல் அலுவெட்ஸ் 16.

அதுக்கப்புறம் ஏன் நடக்கவே இல்லை?

தேதியும் பணமும் என்பது என் கணிப்பு. கனடா சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில்தான் அமெரிக்க அணிகள் பயிற்சிக்கே கூடும். 1962-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி, ஒளிபரப்புக்காக என்.எஃப்.எல்.லுக்கு ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் தர ஒப்பந்தம் போட்டது, அப்புறம் அமெரிக்க அணிகளுக்கு வடக்கே போய் டிக்கெட் காசு தேடவேண்டிய தேவை இல்லை.

அமெரிக்க அணி ஒன்று கிரே கோப்பையையே ஜெயித்ததாமே?

ஆமாம், 1995-இல் பால்டிமோர் ஸ்டாலியன்ஸ், ரெஜைனாவில் கால்கரியை 37-20 என்று வென்றது. ஆனால் அது சி.எஃப்.எல்.லுக்குள்ளேயே, முழுக்கக் கனடா விதியில் ஆடிய அணி, இந்த ஏழோடு அதைச் சேர்க்காதீர்கள்.