100 வாட் பல்பு மல்டிமீட்டரில் 40 ஓம் காட்டுவது ஏன்?

100 வாட் குண்டு பல்பை அளந்தால் 40 ஓம்தான் காட்டுகிறது, வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் பொருந்தவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. 40 ஓம் என்பது குளிர்ந்த இழையின் மின்தடை. அதை 230 வோல்ட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டதால்தான் 100 வாட் குண்டு பல்புக்கு 1,322 வாட் என்று வந்திருக்கிறது.

டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும். பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள்: 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.435 ஆம்பியர். 230-ஐ அந்த 0.435-ஆல் வகுத்தால் சுமார் 529 ஓம். நீங்கள் அளந்ததைப் போல 13 மடங்கு! சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மட்டும் உங்கள் 40 ஓம்தான் உண்மை. 5 ஆம்பியருக்கு மேல் பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனே ஃபியூஸ் ஆவது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் 1000 வாட் அயர்ன் பாக்ஸை அளந்து பாருங்கள். ரெகுலேட்டரை முழுக்கத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) திறந்திருந்து மீட்டர் ஒன்றும் காட்டாது. ஏறக்குறைய 53 ஓம் வரும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி அந்த 53-ஆல் வகுத்தால் 1000 வாட்டை ஒட்டியே விடை கிடைக்கும். அயர்ன் பாக்ஸைச் சூடாக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் கொஞ்சம்தான் மாறும்.

பிளக்கைக் கழற்றிய பிறகே ஓம் அளக்கவும், தயவுசெய்து. அப்புறம், மின்விசிறி, மிக்ஸிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மோட்டாரில் பவர் ஃபேக்டரும் சேரும், அதாவது வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் வரும் வித்தியாசம்.