உப்புக் காற்றில் நிற்கப்போகும் கரவன்: காசை எதில் போடுவது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். டபுள் கெப்பில் கொழுவி இழுக்க, இரண்டு பேர் படுக்கக்கூடிய கரவன் ட்ரெய்லர் ஒன்று வாங்க யோசிக்கிறேன். உள்ளூரில் கட்டிய புதியது ஒன்று பார்த்தேன். வெளிநாட்டில் செய்த பழையது ஒன்றும் விலைக்கு நிற்கிறது. அது ஏறக்குறைய இரட்டிப்பு விலை. விலை கூட என்றால் தரமும் கூட என்று நம்பி அதை எடுக்கலாமா?

பதில்: அந்த நம்பிக்கையில் எடுக்காதீர்கள். மெத்தை, பிரிஜ், அலுமாரி எல்லாம் பின்னர் ஆறுதலாக மாற்றக்கூடியவை. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான செசியும் கூரையும் அப்படியல்ல. அவை பழுதானால் வண்டியே போச்சு.

முதலில் செசி. பெயின்ட் அடித்த பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்பு) வெளியே பளபளக்கும், உள்ளே கறள் தின்னும். கடற்கரை ஓரத்துக்குத் தோய்த்து எடுத்த கல்வனைஸ்தான் சரி. சுமார் 450 பாகை செல்சியஸில் உருகிய நாகத்தில் (சிங்க் உலோகம்) முழுச் சட்டத்தையும் அமிழ்த்துவார்கள். 3 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பான இரும்பில் 70 மைக்ரோன் அளவுக்கு நாகம் படியும். வெள்ளி நிறப் பெயின்ட்டைக் காட்டி "இதுவும் கல்வனைஸ்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. தோய்த்த சட்டத்தில் நாகம் உள்ளே போய்வரத் துளைகள் இருக்கும். போன் லைட்டை அதற்குள் அடித்துப் பாருங்கள். உட்புறமும் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். தோய்த்த பிறகு எங்காவது வெல்டிங் செய்திருந்தால் அந்த இடத்தில் நாகம் எரிந்து போயிருக்கும், கறள் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது கூரை. திருகோணமலையில் இதைத்தான் பலர் யோசிப்பதில்லை: மே முதல் செப்டெம்பர் வரை வெயிலில் உழைக்கும் வண்டி, ஐப்பசி தொடக்கம் மாரி முழுவதும் மழைக்குள் சும்மா நிற்கும். பழுதாவது அந்த மாதங்களில்தான். ஆடி மாதத்தில் காய்ந்து கிடக்கும் வண்டியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே தண்ணீர்க் குழாயால் கூரை மூட்டுகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் அரை மணித்தியாலம் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே போய் மூலைகளை விரலால் அழுத்துங்கள், அலுமாரியைத் திறந்து மணந்து பாருங்கள். பிளைவூட் மெத்தென்று அமிழ்ந்தாலோ, பூஞ்சணம் மணத்தாலோ, சுவரைத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் வெறுமையாகச் சத்தம் கேட்டாலோ பேரம் பேசவும் வேண்டாம், வந்துவிடுங்கள். கூரை மூட்டில் சிலிக்கனுக்கு மேல் சிலிக்கன் பூசியிருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. பழைய சிலிக்கனில் புதியது ஒட்டாது.

ரயரில் பூவை (தரையில் படும் வெட்டுகளை) மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த காலம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நின்ற வண்டியில் பூ தேயாது, ரப்பர்தான் காய்ந்து வெடிக்கும். ஆறேழு வருடம் கடந்திருந்தால் புது ரயரின் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பாரத்தையும் கேளுங்கள். வெறும் எடை மட்டும் போதாது. எவ்வளவு ஏற்றலாம் என்று எழுத்தில் வேண்டும். 100 லீற்றர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. மொத்த எடையில் போதிய பங்கு, ஏறக்குறைய பத்தில் ஒன்று, கெப்போடு இணைக்கும் கொழுவியில் அழுந்தாவிட்டால், கந்தளாய் தாண்டி வேகம் பிடிக்கும்போது ட்ரெய்லரின் வால் ஆடக்கூடும். அது உயிராபத்து.

உங்கள் இரண்டில் எது? நான் உள்ளூர் வண்டியின் பக்கம். கட்டியவர் கிட்ட இருந்தால் பழுது பார்க்கலாம், உதிரிப்பாகத்துக்குக் கடல் கடந்து காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பார்த்த வண்டியை அப்படியே வாங்காதீர்கள். வெல்டிங், துளையிடல் எல்லாம் முடித்து, செசியைத் தோய்த்து எடுத்த பிறகே மேலே உடலைக் கட்டித் தரச் சொல்லுங்கள். கொழும்புப் பக்கம் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தாலும் அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். மிச்சம் பிடித்த பாதி விலையில் ஒரு பகுதி அதற்குப் போகட்டும். கட்டுபவர் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் இதையும், தண்ணீர் அடித்துப் பார்த்தே பொறுப்பேற்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.