மாரிக் கூதலும் யோகாவும்: வாசகர் கேள்விகள்

மார்கழியில் வெள்ளன எழும்பினால் உடம்பு விறைத்துக் கிடக்கிறது. எந்த ஆசனத்தில் தொடங்கலாம்? (களுவாஞ்சிகுடி)

ஆசனத்தில் தொடங்கவே வேண்டாம். நின்ற இடத்திலேயே 5 நிமிடம் நடை போடுங்கள். தோள், இடுப்பு, கணுக்காலைச் சுழற்றுங்கள். அப்புறம் சூரிய நமஸ்காரம். 12 நிலைகளையும் வலக்காலில் ஒருமுறை, இடக்காலில் ஒருமுறை செய்தால்தான் ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்றும் ஆறுதலாக இருக்கட்டும். மூன்றாவதிலிருந்து வேகம் கூட்டலாம். தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறும். தொடை, பிட்டம் மாதிரிப் பெரிய தசைகள் உழைத்தால் சூடும் கூடும். ஆகவே கதிரையில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்கும் உத்கடாசனம், ஒரு காலை முன்னே வைத்து மடக்கி நிற்கும் வீரபத்திராசனம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தானாசனம் கடைசியில். எழும்பினதும் அதைச் செய்து பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வரும் ஆக்களை ஒவ்வொரு மாரியிலும் பார்க்கிறேன்.

இன்னொன்று. நமக்கு வருவது நுவரெலியாக் குளிர் இல்லை. மட்டக்களப்பில் தை மாத இரவுகூட 23 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். மழையில் நாலைந்து நாள் வீட்டுக்குள் முடங்கியிருந்தால், ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்து அதையே பெரிய கூதலாக்கிவிடும்.

யூடியூபில் பார்த்து, நாக்கைச் சுருட்டி மூச்சை இழுக்கும் பயிற்சி செய்கிறேன். குளிர் கூடுகிற மாதிரி இருக்கிறதே? (கல்முனை)

கூடும்தான்! அது சீதளி. சித்திரை வெயிலுக்கு உரியது. இப்போது அதை விட்டுவிட்டு, வலது மூக்கால் இழுத்து இடது மூக்கால் விடும் சூரியபேதனம் செய்யுங்கள். சூடு தருவது என்று ஹடயோக நூல்கள் சொல்வது இதைத்தான்.

சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் செய்யலாமா? (காத்தான்குடி)

அருமையான நேரம். வெறுந்தேத்தண்ணி குடித்தாலும் பரவாயில்லை. இடியப்பம் மட்டும் பிறகு.

அம்மாவுக்கு 68 வயது. பிரசர் இருக்கிறது, மழைக்கு முழங்கால் பிடிக்கிறது. கபாலபாதி செய்யலாமா? (திருக்கோவில்)

வேண்டாம். பிரசர், இருதய வருத்தம், ஹேர்னியா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும், துருத்திபோல் மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவும் ஆகாது. அம்மாவைக் கதிரையில் இருத்துங்கள். ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணி இறக்கட்டும். காலுக்குப் பத்துத் தடவை. பிறகு கைகளைத் தூக்கி இறக்கட்டும். தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. மூச்சை அடக்கக் கூடாது. முழங்கால் வீங்கிச் சுட்டால் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள்.

சீமெந்து நிலம் சில்லிடுகிறது. பன்பாய் போதுமா? (அக்கரைப்பற்று)

இருந்து, படுத்துச் செய்வதற்குப் போதும். நின்று செய்யும்போது வழுக்கும், சுருட்டி வைத்துவிடுங்கள். சொக்ஸ் போட்டுக்கொண்டும் நிற்க வேண்டாம். கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்துக்கு முன் பெற்சீற் ஒன்றைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். வியர்த்த உடம்பு அசையாமல் கிடந்தால் சட்டென்று குளிர்ந்துவிடும். ஃபானையும் நிறுத்திவிடுங்கள். மார்கழியிலும் ஃபான் சுற்றாமல் நித்திரை வராத ஊர் நம்முடையது.